ஆளரவமற்ற இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கும்போது நம்மை எப்படிப் பாதுகாத்துக்கொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டிலும் மலையிலும் கூடாரம் போட்டுத் தங்க ஆரம்பித்து எனக்குப் பல வருடங்களாகின்றன. முதன்முறை கிளம்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவர்கள் கேட்க மறந்துவிடுகிற சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்களின் முதல் கேள்வி, கையில் என்ன ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். அதற்கும் பதில் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி வருகிறது. இருட்டுவதற்கு முன்பு நீங்கள் எடுக்கிற முடிவுகள்தான் அந்த ராத்திரி எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அதனால் அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்? மிருகங்களுக்கா, மனிதர்களுக்கா?

இரண்டுக்கும் முன்னால் தண்ணீர், குளிர், இருட்டு, சறுக்கும் பாறை ஆகியவற்றுக்கு. மீட்புக் குழுக்கள் தேடிப் போவது பெரும்பாலும் கால் பிசகியவர்களையும், வழி தவறியவர்களையும், பொழுது சாய்ந்த பிறகு நனைந்த துணியோடு மாட்டிக்கொண்டவர்களையும்தான். மிருகம் தாக்குவது அரிது. முன்பின் தெரியாத ஒருவர் காட்டுக்குள் நெடுந்தூரம் நடந்து வந்து உங்களுக்குத் தீங்கு செய்வதும் அரிதுதான். ஆனால் அரிது என்பதற்காக ஒதுக்கிவிட முடியாது. அப்படி நடந்துவிட்டால் உதவிக்கு ஓடிவர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஊருக்குள் பத்து நிமிடத்தில் கிடைக்கிற உதவி அங்கே வந்து சேரப் பத்து மணி நேரம்கூட ஆகலாம்.

கிளம்பும் முன் யாரிடம், என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும்?

"மலைக்குப் போறேன், ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்" என்று சொன்னால் போதாது. நம்பகமான ஒருவரிடம் ஐந்து விஷயங்களை எழுதியே கொடுத்துவிடுங்கள்: எந்த வழியாகப் போகிறீர்கள், எந்த இடத்தில் தங்கப் போகிறீர்கள், யார் யார் உடன் வருகிறார்கள், வண்டியின் எண்ணும் அதை நிறுத்தப்போகும் இடமும், எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் அவர் யாரை அழைக்க வேண்டும் என்பது. கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நேரம் குறிக்காவிட்டால், வீட்டில் இருப்பவர் "டவர் கிடைக்கல போல" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு நாளைக் கடத்திவிடுவார்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆரோன் ரால்ஸ்டனின் கதையே போதும். 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புளூஜான் என்ற குறுகலான பள்ளத்தாக்குக்குத் தனியாகப் போனார். எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை. நகர்ந்து விழுந்த பாறை ஒன்று அவருடைய வலது கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாட்களுக்கு மேல் சிக்கிக் கிடந்தவர், கடைசியில் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் மலையேற்றத்தில் தேர்ந்தவர், உடல் வலுவும் இருந்தது. எங்கே தேடுவது என்று ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அந்த ஐந்து நாட்கள் வேறு மாதிரி போயிருக்கும்.

திட்டம் மாறினால் அதையும் சொல்லுங்கள். பத்திரமாகத் திரும்பியதும் முதல் வேலையாக அவருக்குத் தகவல் கொடுங்கள். நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க, ஒரு மீட்புக் குழு இருட்டில் உங்களைத் தேடி அலையக்கூடாது.

கூடாரம் போடும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வெளிச்சம் இருக்கும்போதே, அதாவது பொழுது சாய இரண்டு மணி நேரமாவது இருக்கும்போதே போய்ச் சேருங்கள். போனதும் மேலே பாருங்கள். பட்டுப்போன மரமோ, முறிந்து தொங்கும் கிளையோ தலைக்கு மேல் இருந்தால் அங்கே வேண்டாம். காற்றே இல்லாத ராத்திரியிலும் காய்ந்த கிளை விழும்.

அப்புறம் கீழே பாருங்கள். வறண்ட ஓடைப்படுகை மணல் மெத்தை மாதிரி சமமாக, ஆசையாக இருக்கும். அதில் ஒருபோதும் படுக்காதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும், மேலே எங்கோ பெய்த மழை காட்டாற்று வெள்ளமாக வந்துவிடும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே பெரியவரைக் கீழே தள்ளிவிடும். பக்கத்துச் செடிகளிலும் மரங்களிலும் சருகும் குப்பையும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். போன வெள்ளம் எட்டிய உயரம் அதுதான். ஓடையில் தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தாலோ, பொருட்களைப் பொறுக்கிக்கொண்டு நிற்காமல் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

கடைசியாகச் சுற்றிலும் பாருங்கள். புதிதாகக் கிடக்கும் மிருகச் சாணம், கால் தடம், மரத்தில் நகக்கீறல், புல் மடங்கிய ஒற்றையடிப் பாதை இவையெல்லாம் அந்த இடத்துக்கு வேறு குடியிருப்பவர்கள் உண்டு என்பதற்கு அடையாளம். நீர்நிலையின் விளிம்பில் தங்குவது கண்ணுக்கு இனிமைதான். ஆனால் ராத்திரியில் தண்ணீர் குடிக்க வரும் எல்லாமே அந்த வழியாகத்தான் வரும். ஒரு 60 மீட்டராவது தள்ளிப் போய்விடுங்கள்.

சாலை ஓரத்தில் தங்குவது பாதுகாப்பா, உள்ளே தள்ளிப் போவது பாதுகாப்பா?

மனிதர்களை நினைத்துக் கேட்டால், என் பதில்: நடுவில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். குடும்பங்கள் தங்கியிருக்கிற, பொறுப்பாளர் உள்ள முகாம் மைதானம் நல்லது. சாலையிலிருந்து நடந்துதான் வர முடியும், பார்வைக்கும் தெரியாது என்கிற உட்பகுதியும் நல்லது. வண்டியில் வந்து இறங்கக்கூடிய, ஆனால் யாரும் கவனிக்காத இடம்தான் மோசம். குடிக்க வருகிறவர்கள், குப்பை கொட்ட வருகிறவர்கள், வம்பு தேடுகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் வசதி. உடைந்த பாட்டில், எரிந்த டயர், தோட்டா உறை, சிதறிக் கிடக்கும் குப்பை இவற்றைக் கண்டால் அங்கே இறங்கவே வேண்டாம்.

பளிச்சென்ற நிறக் கூடாரம் மீட்புக்குழுவுக்கு உதவும், ஆனால் சாலையிலிருந்தும் தெரியும். மண் நிறத்திலோ பச்சையிலோ கூடாரம் வைத்துக்கொண்டு, ஆரஞ்சு நிறத் துணி ஒன்றைத் தனியாகப் பையில் வைத்திருப்பது என் வழக்கம். தேவைப்படும்போது விரித்துக் காட்டலாம். வண்டியோடு தங்குவதாக இருந்தால், அதைக் கிளம்பும் திசையைப் பார்க்க நிறுத்துங்கள். ராத்திரியில் பதற்றத்தோடு பின்னால் எடுத்துத் திருப்பும் நிலைமை வரக்கூடாது.

சமூக ஊடகத்தில் படம் போடலாமா?

போடுங்கள், வீடு திரும்பிய பிறகு. இன்றிரவு எங்கே தனியாகப் படுத்திருக்கிறீர்கள் என்பதை ஊருக்குச் சொல்லவேண்டிய அவசியமில்லை.

முகாமில் இருக்கும்போது தெரியாத ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தால்?

வருகிறவர்களில் பெரும்பாலோர் நல்லவர்களே. அந்தப் பகுதியில் ஆடுமாடு மேய்ப்பவர், தேன் எடுக்க வந்தவர், உங்களைப் போலவே நடக்க வந்தவர். அவர்களிடமிருந்துதான் தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தப் பக்கம் மிருக நடமாட்டம் அதிகம் என்பதெல்லாம் தெரியவரும். மரியாதையாக, எழுந்து நின்று, முகம் பார்த்துப் பேசுங்கள். உட்கார்ந்திருப்பவரைவிட நிற்பவருக்கு நகர்ந்துகொள்வது சுலபம். இரண்டு மூன்று கை தூரம் இடைவெளி இருக்கட்டும்.

தகவலை மட்டும் அளந்து கொடுங்கள். "தனியாவா வந்திருக்கீங்க?" என்று கேட்டால், "கூட வந்தவங்க தண்ணி எடுக்கப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க" என்று சொல்லலாம். "எத்தனை நாள் இருப்பீங்க?" என்றால் "இன்னும் முடிவு பண்ணல." உங்கள் பாதுகாப்புக்காகச் சொல்லும் இந்தப் பொய்க்கு நீங்கள் கூச்சப்பட வேண்டாம். முன்பின் தெரியாதவருக்கு உங்கள் பயணத் திட்டத்தை விளக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

கவலைப்பட வேண்டியது சில நடத்தைகளைப் பார்த்தால்தான். மறுத்த பிறகும் அதையே திரும்பக் கேட்பது, பேசிக்கொண்டே நெருங்கி வருவது, பேச்சு உங்களிடமும் கண் உங்கள் பொருட்களிலும் இருப்பது, போய்விட்டுக் காரணமில்லாமல் மறுபடி வருவது. அப்போது மிச்சம் மீதி மரியாதையெல்லாம் பார்க்க வேண்டாம். "நாங்க கிளம்புறோம்" என்று உரத்த, தெளிவான குரலில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஏதோ சரியில்லை என்று மனசுக்குப் படுகிறது. ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. என்ன செய்வது?

கிளம்பிவிடுங்கள். காரணத்தை வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருமுறை நானும் நண்பரும் ஒரு மண்பாதை முடிகிற இடத்தில் கூடாரம் போட்டுச் சமைக்கத் தயாராகிக்கொண்டிருந்தோம். பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். நின்றார்கள், சும்மா பார்த்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்கள். அரை மணி நேரம் கழித்து அதே பைக், இம்முறை விளக்கை அணைத்துக்கொண்டு, தூரத்திலேயே நின்றது. எனக்கும் நண்பருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றைப் பிசைந்தது. அடுப்பை அணைத்தோம், கூடாரத்தை மடிக்கக்கூட இல்லை, அப்படியே சுருட்டி வண்டிக்குள் திணித்துக்கொண்டு புறப்பட்டோம். அவர்கள் யார், என்ன நோக்கம் என்று இன்றுவரை தெரியாது. ஒருவேளை ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம். அன்று நாங்கள் இழந்தது ஒரு வேளைச் சாப்பாடும் இரண்டு மணி நேரத் தூக்கமும் மட்டும்தான். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

கிளம்ப முடியவேண்டும் என்றால் அதற்கு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். வண்டிச் சாவி, ஹெட்லாம்ப், போன், காலணி நான்கும் கூடாரத்துக்குள் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். இருட்டில் தடவினாலே கைக்குக் கிடைக்க வேண்டும். "இங்கே வேண்டாம்" என்றால் அடுத்து எங்கே என்பதையும் பகலிலேயே முடிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம், போகிறார்கள். மேலே சொன்னதெல்லாம் ஆண் பெண் இருவருக்கும் பொதுதான். கூடுதலாகச் சில: முதல் சில பயணங்களைப் பொறுப்பாளர் உள்ள முகாம்களில் வைத்துக்கொள்ளுங்கள், குடும்பங்களுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். கூடாரத்தின் வெளியே இரண்டு நாற்காலி, இரண்டு தட்டு, பெரிய அளவு காலணி ஒரு ஜோடி வைப்பதைப் பலர் பழக்கமாக வைத்திருக்கிறார்கள். செலவில்லாத வேலை, பலன் உண்டு. முக்கியமாக, எந்த ஆணிடமும் "நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது" என்று தயங்கிக்கொண்டு இடத்தைவிட்டு நகராமல் இருக்காதீர்கள். அவர் தப்பாக நினைத்துக்கொள்ளட்டும்.

சரி, ஆயுதம் எடுத்துப் போகலாமா? கத்தி, பெப்பர் ஸ்ப்ரே, துப்பாக்கி?

கத்தி ஒன்று கட்டாயம் தேவை: கயிறு அறுக்க, சமைக்க, அவசரத்தில் கூடாரத்தின் பின்பக்கத்தைக் கிழித்து வெளியேற. இன்னொரு மனிதருக்கு எதிரான தற்காப்பு ஆயுதமாக அதை நம்ப வேண்டாம். அதைப் பயன்படுத்த அவருடைய கை எட்டும் தூரத்துக்கு நீங்கள் போக வேண்டும். பயிற்சி இல்லாதவரிடமிருந்து அது பறிபோகவும் செய்யும்.

பெப்பர் ஸ்ப்ரே சில மீட்டர் தள்ளி நின்றே ஒருவரை நிலைகுலைய வைத்துத் தப்பி ஓட நேரம் வாங்கிக் கொடுக்கும். ஆனால் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின்படி அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். கனடாவில் கரடிக்கான ஸ்ப்ரே வைத்திருக்கலாம், மனிதர்மேல் அடிப்பதற்காக ஒன்றை எடுத்துச் செல்வது குற்றம். போகிற நாட்டின், அந்த வனப்பகுதியின் விதியைப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். விமானத்தின் பயணியர் பகுதிக்குள் அதைக் கொண்டுபோக முடியாது. எடுத்துப் போனால், பையின் அடியில் போட்டுவைத்துப் பயனில்லை. இடுப்பில் இருக்க வேண்டும், பூட்டை எப்படி விடுவிப்பது என்று விரல்களுக்குப் பழகியிருக்க வேண்டும். காற்று எதிரே வீசினால் அது உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். மூடிய கூடாரத்துக்குள் அடிக்கவே கூடாது.

துப்பாக்கி விஷயத்தில் என் கருத்து கறாரானது. உரிமமும், முறையான பயிற்சியும், இருட்டில் தூக்கக் கலக்கத்தில் எதிரே நிற்பது யார் என்று உறுதிசெய்யும் நிதானமும் மூன்றும் இல்லாதவர் அதைத் தொடக்கூடாது. பல தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் அதற்கு அனுமதியும் கிடையாது. ராத்திரியில் கூடாரத்துக்கு வெளியே அசைகிற நிழல் பெரும்பாலும் உங்கள் கூட வந்தவராகத்தான் இருக்கும்.

எதையும் வாங்காமலே கையில் இருக்கிற சில நல்ல கருவிகள் உண்டு. விசில், பக்கத்தில் வண்டி இருந்தால் அதன் சாவியில் உள்ள அலாரம் பொத்தான், கண்ணைக் கூசவைக்கும் டார்ச். கெட்ட எண்ணத்தோடு வருகிறவர் எதிர்பார்ப்பது அமைதியும் இருட்டும். சத்தமும் வெளிச்சமும் அவருடைய கணக்கைக் கெடுக்கும்.

ராத்திரி கூடாரத்துக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டால்?

முதலில் அசையாமல் முப்பது விநாடி கவனியுங்கள். சருகுமேல் ஓடும் எலியின் சத்தம் அந்த அமைதியில் மாடு நடப்பது போலக் கேட்கும். சின்ன மிருகங்கள் விட்டு விட்டு, படபடவென்று ஓடும். மனிதர் நடந்தால் இரண்டு கால் தாளம் சீராகக் கேட்கும், பெரும்பாலும் வெளிச்சமும் கூட வரும்.

மிருகம் என்று தோன்றினால், இயல்பான குரலில் பேசுங்கள், கை தட்டுங்கள். மனிதர் இருக்கிறார் என்று தெரிந்ததும் பெரும்பாலானவை விலகிவிடும். பெரிய மிருகம் மிக அருகில் நின்று மேய்வதாகத் தெரிந்தால் சத்தமில்லாமல் இருந்து, அது நகரும்வரை பொறுங்கள். மனிதர் என்று தோன்றினால், அதிகாரமான குரலில் "யாரது?" என்று கேளுங்கள், கூட ஆள் இருப்பதுபோல ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உள்ளே விளக்கு போட்டால் உங்கள் நிழல் துணியில் விழுந்து, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர் என்பது வெளியே இருப்பவருக்குத் தெரியும். உங்களுக்கோ வெளியே எதுவும் தெரியாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரே ஒரு வெள்ளை வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். ஹெட்லாம்பில் சிவப்பு விளக்கு இருந்தால் உள்ளே அதைப் பயன்படுத்துங்கள்.

சாப்பாட்டுப் பொருளை எங்கே வைப்பது?

கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட வேண்டாம். மிருகம் உங்களைத் தேடி வருவதைவிட வாசனையைத் தேடி வருவதுதான் அதிகம். பற்பசை, சோப்பு, லிப் பாம், சமைத்தபோது போட்டிருந்த சட்டை இவையும் அந்தக் கணக்கில் சேரும். சமைக்கும் இடமும் பொருள் வைக்கும் இடமும் தூங்கும் இடத்திலிருந்து 60 முதல் 100 மீட்டர் தள்ளி, காற்று கூடாரத்திலிருந்து அந்தப் பக்கமாக வீசும் திசையில் இருக்கட்டும். கரடி உள்ள பகுதிகளில் உணவைத் தரையிலிருந்து நாலு மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளித் தொங்கவிடுவார்கள், இல்லையென்றால் கரடியால் திறக்க முடியாத கெட்டி டப்பாவில் வைப்பார்கள். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் உட்காட்டில் தங்குபவர்களுக்கு அந்த டப்பா கட்டாயம். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி மனிதரைத் தேடி வரத் தொடங்கும், கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல வேண்டிய நிலை வரும். நம் அலட்சியத்துக்கு அது உயிரைக் கொடுக்கிறது.

மிருகம் நேருக்கு நேர் வந்துவிட்டால்?

ஓடாதீர்கள். கரடியும் சிறுத்தையும் எந்த மனிதரைவிடவும் வேகமானவை, ஓடுவது அவற்றைத் துரத்தத் தூண்டும். பூனை இனம் என்றால் நிமிர்ந்து நின்று, கையை உயர்த்தி, சட்டையை விரித்து உருவத்தைப் பெரிதாக்குங்கள். குனிய வேண்டாம். குழந்தை இருந்தால் தூக்கிக்கொள்ளுங்கள், கண்ணை எடுக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். தாக்கினால் முழு வலுவோடு எதிர்த்துப் போராடுங்கள். அமெரிக்கக் கருங்கரடிக்கும் இதே விதிதான். பழுப்புக் கரடி தன் குட்டியைக் காப்பதற்காகப் பாய்ந்து மேலே விழுந்துவிட்டால் மட்டும், குப்புறப் படுத்துப் பின்கழுத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கச் சொல்கிறார்கள்.

யானை வேறு கணக்கு. அதனிடம் மிரட்டல் காட்டாதீர்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள், குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள். தூரத்தில் தெரிந்தவுடனேயே, உங்கள் வாசனை அதன் பக்கம் போகாத திசையில் விலகிவிடுவதுதான் வழி. வலசைப் பாதையில் கூடாரம் போடாமல் இருந்தாலே இதில் பாதிப் பிரச்சினை வராது.

பாம்பு கடித்துவிட்டால்?

ஜிப் முழுதாக மூடிய கூடாரமே நல்ல பாதுகாப்பு. வெறும் தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கட்டுவிரியன் கடிப்பது உண்டு. கடித்த இடத்தில் வலியே இல்லாமல் இருக்கலாம், விடியும்போது கண் இமை தூக்க முடியாமல் போகும். ராத்திரி வெளியே கால் வைக்கும் முன் விளக்கடித்துப் பாருங்கள், காலணியைத் தட்டிவிட்டுப் போடுங்கள், விறகுக் குவியலுக்குள் வெறுங்கையை விடாதீர்கள்.

கடித்துவிட்டால்: மோதிரம், வளையல், கடிகாரம் கழற்றுங்கள், வீக்கம் வரும். கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல அசையாமல் கட்டுங்கள். கீறவோ, வாயால் உறிஞ்சவோ, ரத்தம் நிற்கும்படி இறுக்கிக் கட்டவோ கூடாது. பாம்பைப் பிடிக்கப் போய் இன்னொருவர் கடி வாங்க வேண்டாம். மருந்து என்பது மருத்துவமனையில் கொடுக்கும் விஷமுறிவு மருந்துதான், வேர், இலை, மந்திரம் எதற்கும் நேரம் ஒதுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேரத் தாமதமாவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே, கூடாரம் போடும் முன்பே பக்கத்தில் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்துவைத்திருங்கள்.

குளிராக இருக்கிறது. அடுப்பையோ தணலையோ கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. இந்த ஒரு பதிலை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்கு நிம்மதி. எரியும் அடுப்பும், அணைந்ததுபோலத் தெரிகிற கரித்தணலும் கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று ஆரம்பிக்கும், களைப்பு என்று நினைத்துக் கண்ணை மூடினால் அப்புறம் விழிக்க முடியாது. ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. குளிருக்குத் தரையில் கனமான விரிப்பு, உலர்ந்த உடை, தலைக்குத் தொப்பி, மூடி இறுக்கிய பாட்டிலில் வெந்நீர் ஆகியவை போதும்.

உடல் வெப்பம் குறைந்துபோவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் ஆபத்து. உறைபனி இருக்க வேண்டும் என்றில்லை. 10 டிகிரியில், நனைந்த பருத்திச் சட்டையும் காற்றும் சேர்ந்தாலே போதும். நடுக்கம், தடுமாறும் நடை, குழறும் பேச்சு, "எனக்கு ஒண்ணுமில்ல" என்ற பிடிவாதம் இவை அடையாளங்கள். நடுக்கம் தானாக நின்றுபோனால் அது தேறுவதன் அறிகுறியாக இருக்காது, நிலைமை முற்றுகிறது. ஈரத்தை மாற்றி, காற்றுப் படாமல் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் சூடாக இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள். மது கொடுக்காதீர்கள்: சூடாவதுபோல இருக்கும், உண்மையில் உடல் வெப்பத்தை இழக்கச் செய்யும்.

இடி மின்னல் வந்தால் கூடாரத்துக்குள் இருக்கலாமா?

கூடாரம் மின்னலிலிருந்து காப்பாற்றாது. மின்னலைப் பார்த்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டுவிட்டால் உலோகக் கூரையுள்ள வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். இரண்டும் இல்லையென்றால் மலை முகடு, திறந்தவெளி, ஒற்றை மரம், தண்ணீர் ஆகியவற்றிலிருந்து விலகி, ஒருவருக்கொருவர் தள்ளி இருங்கள்.

போனில் சிக்னல் இல்லாவிட்டால் எப்படி உதவி கேட்பது?

முதலில் 112 அழைத்துப் பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், அங்கே வேறு ஏதாவது நெட்வொர்க் கிடைத்தால் அவசர அழைப்பு அதன் வழியாகப் போக வாய்ப்புண்டு. பேச முடியாத பலவீனமான சிக்னலில் குறுஞ்செய்தி போய்விடும். ஜிபிஎஸ் வேலை செய்ய சிக்னல் தேவையில்லை, அதனால் வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைத்திருங்கள். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், போனை ஏரோபிளேன் மோடில் போட்டு உடம்போடு ஒட்டி வைத்துத் தூங்குங்கள்.

அடிக்கடி போகிறவர்கள் அவசர அலைபரப்பி ஒன்று வாங்குவது நல்லது. பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்குச் செய்தி போகும். 1982-இலிருந்து உயிர்களைக் காப்பாற்றி வரும் கோஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பு அதைப் பெற்று மீட்பு மையத்துக்குத் தெரிவிக்கும். வாங்கியதும் உங்கள் பெயரில் பதிவு செய்ய மறக்காதீர்கள். சேட்டிலைட் போனுக்கு மட்டும் எச்சரிக்கை: இந்தியா உட்படச் சில நாடுகளில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்.

எந்தக் கருவியும் இல்லாவிட்டால் விசில். கத்தினால் கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டிவிடும், விசில் நாள் முழுக்க ஊதலாம். ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. வட அமெரிக்காவில் மூன்று முறை. ஆல்ப்ஸில் மூன்று என்பது "கேட்டுவிட்டது, வருகிறோம்" என்ற பதில், ஆகவே போகிற இடத்தின் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

வழி தவறிவிட்டால்? குழந்தைகள் தொலைந்துபோனால்?

நில்லுங்கள். உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். சந்தேகம் வந்தபின் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் தேடுபவர்களின் பரப்பைப் பெரிதாக்குகிறது. நீங்கள் எழுதிக்கொடுத்த நேரம் கடந்தால் தேடுவார்கள் என்ற உறுதி இருந்தால் அசையாமல் இருப்பது சுலபம்.

1981-இல் கலிபோர்னியாவின் பாலோமார் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தொலைந்து, நடந்துகொண்டே போய், குளிரில் இறந்துபோனான். அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததுதான் "மரத்தைக் கட்டிப்பிடி" என்ற பயிற்சித் திட்டம். தொலைந்துவிட்டோம் என்று தெரிந்ததும் பக்கத்து மரத்தடியிலேயே இருக்க வேண்டும், அப்பா அம்மா திட்ட மாட்டார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்நியருக்குப் பயந்து ஒளியக்கூடாது. உங்கள் பிள்ளைகளுக்கு இதைக் கிளம்பும் முன்பே விளையாட்டாகச் சொல்லிப் பழக்குங்கள். ஆளுக்கொரு விசில் கழுத்தில் தொங்கட்டும்.

நாய் துணைக்கு இருந்தால் போதுமா?

நமக்கு முன்பே அதற்குக் காது கேட்கும், மனிதர்களும் தயங்குவார்கள். ஆனால் அவிழ்த்துவிட்ட நாய் கரடியையோ யானையையோ சீண்டிவிட்டு நேரே உங்களிடம்தான் ஓடிவரும். நாய்க்கு அனுமதி உள்ள இடம்தானா என்று கேட்டுக்கொண்டு, கட்டியே வைத்திருங்கள்.

முதன்முறை போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

வீட்டு மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ ஒரு ராத்திரி கூடாரத்தில் தூங்கிப் பாருங்கள். விளக்கில்லாமல் ஜிப்பைத் திறக்கவும், கண்ணை மூடிக்கொண்டு ஹெட்லாம்பையும் காலணியையும் எடுக்கவும் பழகுங்கள். அடுத்தது பொறுப்பாளர் உள்ள முகாமில் ஒரு ராத்திரி, அனுபவமுள்ள ஒருவரோடு. அதற்கப்புறம் உட்காடு. போய்விட்டு வந்ததும், வழியில் கண்ட சந்தேகமான ஆட்களையோ, அறுந்த பாலத்தையோ, மிருகத் தொல்லையையோ அங்குள்ள வனத்துறையிடமோ காவல் நிலையத்திலோ சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் கூடாரம் போட வேறொருவர் வருவார்.